எழுதியவருக்கு ஊதியம்

வட சென்னையிலுள்ள மகாகவி பாரதி நகரை இன்று எல்லோரும் எம்.கே.பி. நகர் என்றே வழங்குகின்றனர். பெயர் சுருங்கியது பெரிய குறையன்று. அப்பெயருக்குரியவர் வாழ்ந்த நாளில் அவருடைய வருமானம் சுருங்கிக் கிடந்ததே நாம் நினைக்க வேண்டிய விஷயம்.

பாரதியார் காசின் கணக்கறியாதவர் என்பது வீண்பேச்சு. 1920-இல் கடையத்திலிருந்து அவர் அன்பர்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் விடுத்தார். தம் எழுத்துக்களை 40 நூல்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது திட்டம். அதற்கு அவர் யாசித்தாரில்லை; வட்டியுடன் தீர்ப்பதாகக் கடனே கேட்டார். திட்டம் கைகூடவில்லை. 1921 செப்டம்பரில் காலமானார். அவர் நூல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் பெற்றது 1949-இல்!

காகித வியாபாரிக்கும் அச்சகத்தாருக்கும் பணம் கொடாமல் எந்நூலும் வெளிவராது. எழுதியவருக்கு மட்டும் புகழே போதுமென்கிறோம். பத்திரிகை நடத்தும் நாமும் இக்குற்றத்துக்குப் புறம்பானவரல்லோம்.

எழுத்தாளரும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலமாகவே செல்லும். காலம் குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டுகளுக்கே செல்லும். ஆகவே, கையொப்பமிடுமுன் காலமும் தொகையும் தெளிவாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்ப்பது பேராசையாகாது. குடும்பம் நடத்துவோர் அனைவரும் செய்யும் காரியமே அது.

நகருக்குக் கவியின் பெயரிட்டது நன்று. இன்று எழுதுவோரின் கணக்கை அவர்கள் உயிரோடிருக்கும்போதே தீர்ப்பது அதனினும் நன்று.