பெருகினால் தெரிகிறது, தேய்ந்தால் தெரிவதில்லை

மனித இரைப்பை நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 முறை தானாகவே ஒரு மின்னலையை எழுப்புகிறது. மூளையின் ஆணைக்கு அது காத்திருப்பதில்லை. நரம்புச் சமிக்ஞைகளைத் தடுத்தாலும் அலை நிற்பதில்லை. பெருவளைவின் மேற்பகுதியில் தோன்றிக் கீழ்வாய் நோக்கி நகரும் இம்மெதுவலையை உண்டாக்குபவை, தசையடுக்குகளுக்கிடையே வலைபோல் பின்னிக் கிடக்கும் கஹால் இடையீட்டு உயிரணுக்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றைக் கண்ட கஹால், எளிய நரம்பணுக்கள் என்றே கருதினார். அவை நரம்பணுக்கள் அல்ல என்பது உறுதிப்பட ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இவற்றை இரைப்பையின் பேஸ்மேக்கர் என்று அழைப்பது வழக்கம். ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். இதயத்தில் துடிப்பைத் தொடங்கும் பொறுப்பு ஒரு சிறு கணுவைச் சார்ந்தது. இரைப்பையிலோ பரந்த வலையமைப்பு முழுவதும் அலையை எழுப்பவும் கடத்தவும் வல்லது. மூலக்கூறு இயக்கமும் வேறு. உயிரணுவின் அகப்பிளாச வலைப்பின்னலிலிருந்து கால்சியம் கசிகிறது. அது அனோ-1 என்னும் குளோரைடு வாய்க்காலைத் திறக்கிறது. குளோரைடு வெளியேற, சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது. அம்மாற்றம் அண்டை உயிரணுக்களுக்கும் மென்தசைக்கும் பரவுகிறது. அனோ-1 நீக்கப்பட்ட சுண்டெலிகளில் மெதுவலை தோன்றுவதில்லை என்று 2009இல் காட்டப்பட்டது.

இப்புரதத்தின் பெயர் வரலாறே ஒரு பாடம். 2004இல் நோயியலாளர்கள் இதனை ஜிஸ்ட் எனப்படும் இரைப்பை-குடல் கட்டியில் கண்டறிந்து டாக்-1 என்று பெயரிட்டனர். அது குளோரைடு வாய்க்கால் என்பதை 2008இல் வேறு 3 குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. கட்டியை ஆய்ந்தவர்களும் மின்னோட்டத்தை அளந்தவர்களும் ஒரே மூலக்கூறை இரு பெயர்களில் வைத்திருந்தனர்.

இப்பிளவு பெயர்களோடு நிற்கவில்லை. இந்த உயிரணுக்கள் வாழ்வதற்கு கிட் என்னும் ஏற்பி தேவை. 1998இல் ஒசாகாவைச் சேர்ந்த ஹிரோத்தா குழுவினர், ஜிஸ்ட் கட்டிகளில் இந்த ஏற்பியை ஓயாது இயங்கவைக்கும் சடுதி மாற்றங்களைக் கண்டனர். 2001இல் ஃபின்லாந்து நோயாளி ஒருவருக்கு இமாடினிப் பலனளித்த செய்தி வெளியாயிற்று. முதன்மையாக இரத்தப் புற்றுநோய்க்கென அறியப்பட்ட அம்மருந்தின் படிக வடிவத்திற்கான காப்புரிமைக் கோரிக்கையை இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் நிராகரித்தது. கஹால் உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகினால் அதனைக் கண்டறியச் சாயமுண்டு, மருந்துண்டு, நீதிமன்றத் தீர்ப்புகூட உண்டு.

அதே உயிரணு தேயும்போது இவற்றில் ஒன்றுமில்லை. நீரிழிவாளர் சிலருக்கு இரைப்பை காலியாவது தாமதப்படும் காஸ்ட்ரோபரேசிஸ் நிலை உண்டாகிறது. அத்தகையோரின் முழுச்சுவர்த் திசுக்களை ஆராய்ந்த அமெரிக்கக் கூட்டாய்வில் கஹால் உயிரணுக்களின் இழப்பே முதன்மையான மாற்றங்களுள் ஒன்றாகத் தெரியவந்தது. சில கவளத்திலேயே வயிறு நிறைகிறது, குமட்டல் நீங்குவதில்லை. அதைவிட ஆபத்தானது, இன்சுலின் குறித்த நேரத்தில் வேலைசெய்யும்போது உணவு இன்னும் இரைப்பையிலேயே தங்கிவிடுவது. சர்க்கரை திடீரெனத் தாழ்கிறது. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவாளர் ஏறத்தாழ 10.1 கோடி. அவர்களுள் இத்தொல்லை உள்ளவர்கள் ‘வாயு’, ‘அசிடிட்டி’ என்ற சொற்களோடு எளிதில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

காரணம் அலட்சியம் மட்டுமன்று. எண்டோஸ்கோப்பி வழியே எடுக்கப்படும் திசுத்துணுக்கு சளிச்சவ்வோடு முடிந்துவிடும். கஹால் உயிரணு கிடப்பதோ தசையில். இந்தத் துன்பத்திற்காக ஒருவருடைய இரைப்பைச் சுவரை முழுத்தடிமனில் வெட்டியெடுப்பதும் இயல்பான செயலன்று. ஆனால் அத்தகைய திசு இந்திய நகரங்களில் வேறு காரணத்திற்காக நாள்தோறும் வெட்டப்படுகிறது. உடற்பருமனுக்கான ஸ்லீவ் அறுவையில் அகற்றப்படுவது பெருவளைவின் பெரும்பகுதி, அதாவது மெதுவலை பிறக்கும் இடத்தையும் உள்ளடக்கிய முழுச்சுவர். அந்நோயாளிகளுள் நீரிழிவாளரும் உண்டு, நீரிழிவு இல்லாதவரும் உண்டு. ஒப்பிட வேண்டிய இரு தரப்பும் ஒரே அறுவை மேசையிலிருந்தே கிடைக்கின்றன.

மறுப்புகள் உண்டு; அவை வலுவானவை. நம் நாட்டு நீரிழிவாளர் பலர் பருமனானவர் அல்லர். ஸ்லீவ் திசு அவர்களைப் பிரதிநிதித்துவப்படுத்தாது. வயது ஏற ஏற இவ்வுயிரணுக்கள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 13 விழுக்காடு குறைகின்றன. வயதுப் பொருத்தமில்லாத ஒப்பீடு வீண். நோயாளியின் இசைவு பெறாமல் ஒரு சீவலும் வெட்டக்கூடாது. எண்ணிக்கை தெரிந்துவிட்டால் மருந்து வந்துவிடுமா என்றும் கேட்கலாம். வராது. நீரிழிவுச் சுண்டெலிகளில் இழந்த உயிரணுக்களை மீட்ட ஹெமின், மனிதச் சோதனையில் பயனளிக்கவில்லை. ஆயினும் சுண்டெலியின் தரவு மனித இரைப்பைக்குப் போதாது என்பதற்கே அது சான்று. கிட் குறைபாடுள்ள சுண்டெலிகளின் சிறுகுடலில் மெதுவலை மறைந்தது. அவற்றின் இரைப்பையில் மறையவில்லை. ஒரே விலங்கின் இரு உறுப்புகளே ஒத்துப்போகாதபோது, சுண்டெலியிலிருந்து மதுமேக நோயாளிக்கு ஒரே தாவலில் வருவது அறிவியலாகாது.

செலவும் பெரிதன்று. ஜிஸ்ட் கட்டியை உறுதிசெய்யும் கிட், டாக்-1 எதிர்ப்பொருள்கள் பெரிய புற்றுநோய் ஆய்வகங்களில் ஏற்கெனவே உள்ளன. கிட் சாயம் மாஸ்ட் உயிரணுக்களையும் நிறமேற்றும். டாக்-1 அக்குழப்பத்தைத் தவிர்க்கும். உடலியங்கியல் துறையும் நோயியல் துறையும் அறுவைத் துறையும் ஒரே வளாகத்தில் இயங்கும் கல்லூரிகள் ஏராளம். ஸ்லீவ் திசு நோயியல் மேசைக்கு வந்தபின் அழற்சி, ஹெலிகோபாக்டர் ஆகியவை பார்க்கப்பட்டு அறிக்கை முடிகிறது. அதே மெழுகுக் கட்டியிலிருந்து, தசையடுக்கின் குறுக்கே, இன்னும் இரண்டு சீவல்கள் எடுத்தால் எண்ணத் தொடங்கிவிடலாம்.