கேள்வி – பதில்: காற்றடைக்கும் படகைக் கோடையில் பாதுகாப்பது எப்படி?

கேள்வி: மீன்பாசி குத்தகை எடுத்த ஏரியில் வலை இழுக்கக் காற்றடைக்கும் பி.வி.சி. படகு வைத்திருக்கிறோம். சித்திரையில் ஏரி வற்றிவிடும். அடுத்த மழை வரை படகை எப்படி வைப்பது?
– வாசகர், ஒடுகத்தூர்

பதில்: முதலில் சேறு, மணல், மீன் செதில் போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மடிப்பில் தங்கும் மணல் ஒட்டுகளை அறுத்துவிடும். கறைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் கூடாது.

பிறகு காற்றடைத்து, வால்வு, ஒட்டுகள் மீது சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் கசிவு உள்ளது. சைக்கிள் டியூப் சொல்யூஷன் பி.வி.சி.யில் நிலைக்காது. காலணி அடிப்பகுதி ஒட்டப் பயன்படும் பாலியூரிதேன் வகைப் பசை வேண்டும். ஆம்பூர் பக்கம் காலணி மூலப்பொருள் கடைகளில் கேளுங்கள். ஒட்டியபின் ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள்.

நிழலில் நன்கு உலர்த்தி, காற்றை இறக்கி, தளர்வாகச் சுருட்டுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். தகரக் கொட்டகை வெயில், உரம், பூச்சிமருந்து ஆகியவற்றுக்கு அருகில் வைக்காதீர்கள். நெல் மூட்டை இருக்கும் இடத்துக்கு எலி வரும். எனவே உத்தரத்தில் பலகை கட்டி அதன்மேல் வையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் மீண்டும் காற்றடைத்து, நிழலில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். இரவுக் குளிரில் சற்றுத் தளர்வது இயல்பு; மறுநாள் அதே நேரத்திலும் தளர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது. அந்தப் படகை ஏரியில் இறக்க வேண்டாம். நீச்சல் தெரிந்தவரும் உயிர்காப்பு உடுப்பு அணிந்தே ஏற வேண்டும். மீன் போனால் அடுத்த பருவத்தில் பிடிக்கலாம். உயிர் போனால் வராது.