வான்போர் விளையாட்டும் கோஷ்டி உணர்ச்சியும்

பொழுதுபோக்கு என்ற பெயரால் நம் இல்லங்களில் புகுந்துள்ள சாதனங்களுள் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பெற்றோர்கள் கூறும் குறைகள் ஏராளம். கண் கெடுகிறது, படிப்புக் கெடுகிறது, உறக்கம் கெடுகிறது என்பன அவற்றுள் சில. அவற்றை மறுப்பது என் நோக்கமன்று. ஆனால் இன்டர்நெட் வழியாகப் பலர் ஒன்றுகூடி ஆடும் ஆகாய விமானப் போர் விளையாட்டில், குறை கூறுவோர் கவனியாத விஷயம் ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதில் ஒருவகைக் கோஷ்டி வாழ்க்கை வளர்ந்து வந்திருக்கிறது. இப்பொழுது அது பெரிதும் மாறி வருகிறது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த மாறுதலில் சம்பந்தம் உண்டு என்பதாலேயே இம்மாதம் அதனை எடுத்துக்கொண்டேன்.

இவ்விளையாட்டு பலர் நினைப்பதைவிடப் பழையது. அமெரிக்காவில் கெஸ்மாய் என்னும் நிறுவனம் ‘ஏர் வாரியர்’ என்ற விளையாட்டை 1988ஆம் ஆண்டில் ‘ஜீனி’ என்னும் கம்ப்யூட்டர் சேவையின் மூலம் வெளியிட்டது. டெலிபோன் கம்பி வழியாகத் தொடர்பு. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். திரையில் தெரிந்த விமானங்களின் உருவம் மிக எளியது. ஆயினும், எதிரே பறப்பவன் எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதன் என்ற எண்ணமே ஆடுவோருக்குப் பெரும் உற்சாகம் அளித்தது. பின்னர் 1995இல் ‘வார்பேர்ட்ஸ்’, 2000இல் ‘ஏசஸ் ஹை’ ஆகியவை தோன்றின. ஏர் வாரியர் 2001இல் மூடப்பட்டது.

இவற்றின் போர்க்களம் எப்பொழுதும் திறந்தே இருக்கும். உதாரணமாக, ஏசஸ் ஹையில் சதுரங்கக் காய்களின் பெயர் தாங்கிய பிஷப், நைட், ரூக் என்ற மூன்று நாடுகள் ஒரே நிலப்பரப்புக்காகப் போரிடும். இரவோ பகலோ, எப்பொழுது சென்றாலும் யுத்தம் நடந்துகொண்டிருக்கும். ஒரே பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள் கோஷ்டி சேர்ந்தார்கள். கோஷ்டிக்கு ஒரு பெயர், ஒரு தலைவர், வாரத்தில் குறிப்பிட்ட ஓர் இரவு என்ற ஏற்பாடுகள் உண்டாயின. நண்பனைப் போலவே எதிரியின் பெயரும் அறிந்த பெயராக இருந்தது. நேருக்கு நேர் நன்றாகப் போரிட்டு வீழ்ந்தவன், தன்னை வீழ்த்தியவனுக்கு எழுத்தின் மூலம் ஒரு சல்யூட் அனுப்புவது வழக்கமாயிற்று. பெயர் தெரிந்த இடத்தில் அற்பத்தனமாக நடக்க மனிதன் கூசுகிறான் அல்லவா?

கோஷ்டியாகப் பறப்பதன் அவசியம் விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததன்று. உண்மைப் போரிலிருந்து வந்தது. ஜெர்மானிய விமானி ஆஸ்வால்ட் போயல்கே 1916இல் வகுத்த எட்டு விதிகளின் கடைசி விதி, நால்வராகவோ அறுவராகவோ சேர்ந்து தாக்கவேண்டும் என்பது. போர் தனித்தனிச் சண்டையாகச் சிதறும்போது ஒரே எதிரிமீது பலர் பாயலாகாது என்றும் அது எச்சரிக்கிறது.

அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஜான் தாச் என்பவரின் யுக்தியும் நினைக்கத்தக்கது. அவர்களுடைய வைல்ட்கேட் விமானம், மேலேறுவதிலும் திரும்புவதிலும் ஜப்பானியரின் ஸீரோவுக்கு ஈடாகாது. தாச் 1941இல் மேசைமீது தீக்குச்சிகளை வைத்து யோசித்து ஒரு வழி கண்டார். இரண்டு விமானங்கள் இடைவெளி விட்டு இணையாகப் பறக்கவேண்டும். ஒன்றின் பின்னால் எதிரி வந்தால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பவேண்டும். துரத்தி வருகிற எதிரி அப்பொழுது மற்றவனுடைய துப்பாக்கிக்கு நேராக வந்து சேருவான். 1942 ஜூனில் மிட்வே போரில் இம்முறை பலனளித்தது. குறைந்த விமானத்தை வைத்துக்கொண்டும், துணையை நம்பினால் நிலைத்து நிற்கலாம் என்பதே இதன் சாரம். பழைய கோஷ்டிகள் புதியவனுக்கு முதலில் கற்பித்த பாடமும் இதுவே.

இனி மாறுதலுக்கு வருவோம். 2012இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ‘வார் தண்டர்’ போன்ற விளையாட்டுகளுக்குக் கட்டணம் இல்லை. பொத்தானை அழுத்தினால், இயந்திரமே முன்பின் அறியாதவர்களைப் பொறுக்கி, பக்கத்துக்குப் பதினாறு பேர் வரை சேர்த்துக் களத்தில் விடுகிறது. சில நிமிஷங்களில் ஆட்டம் முடியும், கூடியவர்கள் கலைவார்கள். பெரிய படைப்பிரிவு என்ற ஏற்பாடு அதில் உண்டு என்றாலும், அன்றாட ஆட்டத்தில் நால்வருக்கு மேல் ஒரு கோஷ்டியாகச் சேர முடியாது. வெகுமானமோ அவரவர் கணக்கில் தனித்தனியே ஏறுகிறது. தன் விமானம் விழுந்தவுடன், கட்சி வென்றதா தோற்றதா என்று பாராமல் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறவர்கள் பலர். ஒற்றை எதிரியை ஐந்து பேர் துரத்தும் காட்சியும் சகஜம். போயல்கே கூடாது என்றதே இன்று வழக்கமாகிவிட்டது!

இதைக் கண்ட பழைய ஆட்டக்காரர்கள், “இக்காலத்து இளைஞர்களுக்கு வீரவுணர்ச்சி இல்லை” என்று கூறுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய களத்திலும் ஓடுபாதையில் எழும்பும் விமானத்தைக் கழுகுபோல் காத்திருந்து சுட்டவர்கள் இருந்தார்கள். வெல்லுகிற பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும் கூட்டமும் இருந்தது. அதனால்தான் ஏசஸ் ஹையில், ஆள் மிகுந்த நாட்டுக்குச் சிறந்த விமானங்களைத் தராமல் நிறுத்தும் விதியை ஏற்படுத்தினார்கள். மேலும், மணிக்கணக்கில் பணம் கட்டவேண்டிய ஆட்டத்தில் ஏழைப் பிள்ளைக்கு இடமேது? அந்தக் கதவைத் திறந்தது புதிய முறையே. மனிதர்கள் மாறவில்லை, களத்தின் ஏற்பாடு மாறியிருக்கிறது. நாளைக்கும் இதே மனிதனைச் சந்திக்கவேண்டும் என்ற நிலை இருந்தால் மரியாதையும் விசுவாசமும் தாமாகவே வளரும். இல்லாவிடில் அவற்றை முயன்று வளர்க்கவேண்டும்.

எவ்வாறு வளர்ப்பது? பழைய கோஷ்டிகளிடமே விடை இருக்கிறது. ஏசஸ் ஹையில் எதிரியின் தளத்தைப் பிடிக்க, எத்தனை விமானங்களை வீழ்த்தினாலும் போதாது. பத்துத் துருப்புகள் அத்தளத்தின் வரைபட அறைக்குள் புகவேண்டும். அவர்களைக் கொண்டுசெல்லும் சி-47 விமானத்துக்குத் துப்பாக்கி கிடையாது, வேகமும் குறைவு. மற்றவர்கள் மேலே சாகசம் புரியும்போது, ஒருவன் மரங்களை ஒட்டித் தாழப் பறந்து, அதைப் பொறுமையாக ஓட்டிச் செல்லவேண்டும். எதிரியை வீழ்த்தினான் என்று அவன் பெயருக்கு ஒரு கணக்கும் ஏறாது. ரயில்வேக்காரனாகிய எனக்கு அவன்மீது தனி மதிப்பு உண்டு. மெயில் வண்டி வந்தால் பிளாட்பாரம் முழுதும் கூட்டம். கூட்ஸ் வண்டியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஆனால் ரயில்வேயின் வருமானத்தில் பெரும்பகுதி சரக்கினால் வருவது. கோஷ்டி என்பதும் அப்படித்தான். சரக்கு விமானம் ஓட்டுகிறவன், புதியவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், வராதவனை விசாரிக்கிறவன் ஆகியோராலேயே அது நிலைக்கிறது. தோற்கும் பக்கத்தில் நின்றுகொண்டு, மறுபடியும் ஓடுபாதைக்கு வருவதே வீரவுணர்ச்சி.

நம் பிள்ளைகளுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். ரயில்வேயிலும் ராணுவத்திலும் பாங்கிகளிலும் பணிபுரியும் நம்மவர்களுக்கு மாற்றல் உத்தரவு புதிதன்று. உத்தரவு நம் பெயருக்கு வருகிறது. நண்பர்களை இழப்பதோ பிள்ளைகள். புதிய ஊர், புதிய பள்ளி, புரியாத பேச்சு. அத்தகைய பிள்ளைக்கு, வாரந்தோறும் அதே நேரத்தில் அதே குரல்களோடு கூடும் கோஷ்டி, கூடவே பிரயாணம் செய்யும் ஒரு தெரு போன்றது. முன்பின் அறியாதவரோடு பத்து நிமிஷம் ஆடிக் கலையும் ஆட்டம் அத்தகைய துணையாகாது.

ஆகையால் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நேரத்துக்கு வரம்பு கட்டுங்கள்; யாரோடு பேசுகிறான் என்பதையும் விசாரித்து அறியுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் அறியாதவரோடு ஆடுவதைவிட, சனிக்கிழமை மாலையில் தெரிந்த நால்வரோடு ஆடுவது மேல். நம் சங்கத்துப் பிள்ளைகளே நால்வர் சேரலாம். அவர்களில் ஒருவனுக்கு மாற்றல் வந்தாலும் கோஷ்டி கலையாது. ஆட்டம் முடிந்து எழுந்து வருகிறவனிடம், “எத்தனை விமானம் வீழ்த்தினாய்?” என்று கேளாதீர்கள். “உன் பக்கத்தில் பறந்தவன் பத்திரமாக இறங்கினானா?” என்று கேளுங்கள்.