பழைய டிராக்டரை யார் சோதிப்பது?

"ஒரே ஓனருங்க. சொந்த உழவுக்கு மட்டும் ஓட்டின வண்டி." பழைய டிராக்டர் விற்கிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது இது. 2014-இல் என் வீட்டுக்காரரிடமும் இதைத்தான் சொன்னார்கள். நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர். அதற்கு டிராக்டர் அதிகம்தான். வாடகைக்கு ஓட்டிக் கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போட்டோம். வண்டிக்கு ஒன்பது வயது. புதுப் பெயிண்ட், புது சீட், மீட்டரில் 2,100 மணி. ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு டீக்கடையிலேயே இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தச் சம்பாவுக்குச் சேறடிக்க இறங்கிய பதினோராம் நாள், பின்பக்கம் கடகடவென்று சத்தம் கேட்டு வண்டி வயல் நடுவே நின்றது. பிரித்துப் பார்த்தால் கியர் பெட்டியில் எண்ணெய்க்குப் பதில் மோர் இருந்தது. பின் அச்சு சீல் தேய்ந்து சேற்றுத் தண்ணீர் உள்ளே போனால் எண்ணெய் அப்படித்தான் வெளுத்துப் போகும். கிரவுன் பினியன் பல் உதிர்ந்திருந்தது, பேரிங்குகள் போயிருந்தன, லிப்ட் பம்பும் போயிருந்தது. பல வண்டிகளில் கியருக்கும் லிப்டுக்கும் ஒரே எண்ணெய்தான் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். செலவு 1,12,000 ரூபாய். சொன்ன தேதியில் வயலுக்குப் போக முடியாமல் வாங்கிய பேச்சு தனி.

எங்களை ஏமாற்றியது மீட்டரும் அந்த "சொந்த உழவு"ம் சேர்ந்துதான். சொந்த நிலத்தை மட்டும் உழுத வண்டியானால் ஒன்பது வருஷத்துக்கு 2,100 மணி நம்பக்கூடியதே. வாடகை வண்டியானால் பச்சைப் பொய். இப்போது வாடகை நோட்டு என் கையில் இருக்கிறது. எங்கள் வண்டி வருஷத்துக்கு 600 மணிக்குக் குறைந்து ஓடியதே இல்லை. ஆகவே வண்டி வாடகைக்கு ஓடியதா இல்லையா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை மீட்டரில் பார்த்துப் பயனில்லை, கேபிளைக் கழற்றிவிட்டால் அது நின்றுவிடும், இல்லாவிட்டால் மீட்டரையே மாற்றிவிடலாம். கிளட்ச் பெடல் இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கிறதா? டிப்பர் மாட்டும் கொக்கித் துளை முட்டை வடிவமாகிவிட்டதா? ரொட்டவேட்டர் மாட்டுகிற பி.டி.ஓ. தண்டின் பற்கள் கூராகிவிட்டனவா? புதுப் பெயிண்ட் அடிப்பவர்கள் இவற்றையெல்லாம் மாற்றுவதில்லை.

என் வீட்டுக்காரர் 2019-இல் போய்விட்டார். 2021-இல் அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்க நான் கிளம்பினேன். பார்த்த இடத்திலெல்லாம் தரகர்கள் என் பத்தொன்பது வயது மகனிடம்தான் பேசினார்கள். "வண்டிய தம்பி பாக்கட்டும்க்கா, நீங்க பணத்த எண்ணி வைங்க" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கூட்டிப்போனது முதல் வண்டியைப் பிரித்து மாட்டிய மெக்கானிக் அண்ணனை. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். முதல் நாளே சொல்லிவிட வேண்டும், நாங்கள் போய்ச் சேரும்வரை வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ஓர் ஊரில் காலை ஆறரை மணிக்குப் போனோம். அண்ணன் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. "வா தங்கச்சி, போவோம்" என்று திரும்பிவிட்டார். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும் என்பார். ஏற்கெனவே சூடாக்கி வைத்த வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், முதல் புகையும் நம் கண்ணில் படாது.

புகையைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். கறுப்பென்றால் நாசில், பம்ப் வேலையோ அடைத்த ஏர் ஃபில்டரோ; பெரும்பாலும் சின்னச் செலவு. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது, ரிங், பிஸ்டன், லைனர் வரை போகும். கடைசியில் நாங்கள் வாங்கிய வண்டியில் அண்ணன் அதோடு விடாமல், வண்டி ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து குப்குப்பென்று புகை தள்ளினால் போர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்ஜின் குளிர்ந்திருந்தபோதே ரேடியேட்டர் மூடியையும் திறந்து, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்த்திருந்தார்.

டெல்டாவில் வண்டி வாங்குகிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்வது வேறு ஒன்று. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே கியர் பெட்டிக்கு அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். ராத்திரி நின்ற வண்டியில் அடியில் தங்கியிருக்கும், முதலில் சொட்டுவது அதுதான். ஐந்து நிமிட வேலை. 2014-இல் இதை யாராவது செய்திருந்தால் எங்களுக்கு அந்தச் செலவே வந்திருக்காது. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் ஓடிய வண்டிக்கு நோய் தொடங்கும் இடம் இது. செங்கல், மணல் ஏற்றி ரோட்டில் ஓடிய வண்டியை வேறு மாதிரி பார்க்க வேண்டும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பாருங்கள், கிங் பின்னும் நடு பின் புஷ்ஷும் ஆடும்.

பிறகு அந்த வண்டியை வயலில் இறக்கினோம். ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி அரை மணி நேரம் உழுதான் மகன். கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். குடித்துவிட்டு வருவதற்குள் கலப்பை தரையைத் தொட்டிருந்தால் லிப்டில் கசிவு. தொடவில்லை. அட்வான்ஸ் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

காகிதத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் கோட்டை விடுகிறார்கள். ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதை நீக்கும் படிவம் 35-உம் அந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் கையில் வரும்வரை முழுப் பணம் தரக் கூடாது. சேஸிஸ் எண், இன்ஜின் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனிக் காப்பீடு. விற்கிறவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீடு தர வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய வண்டியை வாங்கியவரை நானே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இரண்டு முறை அழைத்துக்கொண்டு போனேன்.

விலைக்கும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் புது டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. வரிக்கு முந்தைய விலை 7 லட்சம் என்றால் 49,000 ரூபாய் குறைவு. பழைய வண்டி விற்கிறவர் இன்னும் பழைய விலையிலேயே நிற்பார். இந்தக் கணக்கைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். குறுவைக்கு முன்னால் வைகாசியில் ஓடாதீர்கள், மாசியிலேயே பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் கிடைப்பாரா? என் கவலை அதுதான். புது மாடல் டிராக்டரைச் சோதிக்க மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் அரசு நிலையம் இருக்கிறது. லாரிக்கு எஃப்.சி. உண்டு. உழவு டிராக்டர் போக்குவரத்து வாகனக் கணக்கில் வராததால், பதிவு முடியும் 15 ஆண்டு வரை எந்த அதிகாரியும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தப் பதினைந்து ஆண்டுக்குள் அது எத்தனை கை மாறினாலும் அப்படியே. கடன் வாங்கி இந்த வண்டிகளை வாங்குகிறவர்கள் எங்களைப் போன்ற சிறு விவசாயிகள்.

வேளாண்மைப் பொறியியல் துறை தானே டிராக்டர் வைத்து வாடகைக்கு விடுகிறது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். விற்பனைக்கு வரும் பழைய வண்டியை அவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்து, எண்ணெய், இன்ஜின், லிப்ட், அச்சு எப்படி இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். முதலில் திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் தொடங்கிப் பார்க்கலாம். கட்டணம் இரண்டாயிரம் ரூபாய் என்று வைத்தாலும் வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன்.