நிறை பார்க்காத மாதங்கள்



2022ஆம் ஆண்டு கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அக்கா கோழி வளர்ப்புக் கடன் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். மூன்று வயது மகன் முற்றத்தில் விளையாடினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்; திரும்பவில்லை. கையைக் காட்டியதும் ஓடி வந்தான்.

"அவன் இன்னும் வடிவாக் கதைக்கிறேல்லைத் தங்கச்சி. தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவராம்."

பிள்ளையின் கிளினிக் பதிவேட்டைக் கேட்டேன். தயங்கித்தான் எடுத்துத் தந்தார். காணி உறுதியோடு பொலித்தீன் பையில் இருந்தது. பைக்குள் மூத்த மகளின் பதிவேடும் இருந்தது. 2009இல் மாத்தளனில் இருந்து கடல்நீரேரியைக் கடந்தபோது, மாற்றுடுப்பு இல்லாமல் வந்தவர், அதை மட்டும் நனையவிடாமல் தலையில் வைத்துக் கொண்டுவந்தாராம்.

அப்படிப்பட்ட தாயின் மகனுக்கு, 2020 பெப்ரவரியோடு நிறைக்கோடு நின்றுபோயிருந்தது. ஒன்பதாம் மாத ஊசி போட்டிருந்தது. பன்னிரண்டாம் மாத மூளைக்காய்ச்சல் ஊசியும், பதினெட்டாம் மாத ஊசியும் போடவில்லை.

2020 மார்ச் 20 மாலை கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டார்கள். கிளினிக் நின்றது. குடும்பநல உத்தியோகத்தரும் வீடுகளுக்கு வர முடியவில்லை. பிறகு கிளினிக் தொடங்கியும் அக்கா போகவில்லை. முதலில் தொற்றுப் பயம். கணவருக்குக் கூலிவேலை இல்லாததால் பஸ் காசும் இல்லை. கடைசியாக, சொல்லக் கூச்சப்பட்டுச் சொன்னார்: "இவ்வளவு நாளும் எங்க போனனீங்கள் எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசுவினம்."

நான் படித்த சமூகவியல் புத்தகங்களில் இந்த ஏச்சுப் பயத்துக்கு ஓர் அத்தியாயம் இருக்கவில்லை. இருந்திருக்க வேண்டும்.

கிளினிக் என்றால் ஊசியும் தராசும் மட்டுமல்ல. பதினெட்டு மாதத்தில் விளங்கக்கூடிய சில சொற்களாவது சொல்கிறதா, இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கிறதா, சத்தத்துக்குத் திரும்புகிறதா என்றும் பார்க்கிறார்கள். அக்காவின் மகனை அந்த வயதில் யாரும் பார்க்கவில்லை. அயல் பிள்ளைகளோடும் சேரவில்லை. பிந்திக் கதைக்கிறான் என்று வீட்டார் நினைத்ததில் பிழை சொல்ல முடியாது.

அடுத்த கிளினிக் நாளுக்கு இருவருமாகப் போனோம். கொஞ்சம் ஏச்சு விழுந்ததுதான். ஆனால் விட்ட ஊசிகளுக்காக முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்தில் இருந்து போடலாம் என்றார்கள். மூன்று வயதுச் சின்னமுத்து ஊசியும் போட்டாயிற்று. 2019இல் இலங்கையில் ஒழிந்துவிட்டதாக அறிவித்த அந்த நோய் 2023இல் திரும்ப வந்தபோது, அந்த ஊசியை நினைத்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

வைத்தியர் காதையும் பார்த்தார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் சில மாதம் வைத்தியம். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். சில எழுத்துகள் இன்னும் நாக்கில் புரளவில்லை, ஆனால் வாய் ஓய்வதில்லையாம்.

அந்தக் காலத்தில் கைக்குழந்தையாக இருந்தவர்கள் எல்லாம் இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். வகுப்பில் கவனமில்லை, சொல்வழி கேட்பதில்லை என்று ஆசிரியர் முறையிட்டால், பிள்ளையை அடிக்க முதல் காதையும் கண்ணையும் ஒருதரம் காட்டுங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள், எத்தனை மாதம் விட்டிருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். பதிவேடு தொலைந்துவிட்டது என்று வீட்டில் இருக்க வேண்டாம்; கிளினிக்கிலும் ஒரு பிரதி வைத்திருப்பார்கள். தனியப் போகப் பயமென்றால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.