இலங்கை நன்றி மறந்ததா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற ஆண்டு நம் தமிழ் மன்றத்தார் நடத்திய பட்டிமன்றத்தில், "இலங்கை நன்றி மறந்ததே!" என்னும் அணியில் நின்று நான் முழங்கியதைப் பேராசிரியப் பெருமக்களும் நண்பர்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கைதட்டல் கிடைத்தது, பரிசாகப் புத்தகமும் கிடைத்தது. அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

அன்று நான் கூறிய செய்திகள் பொய்யல்ல. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட இயலாது என்று இலங்கை கைவிரித்தது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழக அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேற்றியது. அதே ஆகஸ்டில், இந்தியா கவலை தெரிவித்தும், 'யுவான் வாங் 5' என்னும் சீனக் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் வந்து நின்றது. "உண்ட வீட்டுக்கு இரண்டகம்!" என்றேன். அரங்கம் அதிர்ந்தது.

அன்று பௌர்ணமி. கூட்டத்தில் பேருந்து கிடைக்காமல் கிரிவலப் பாதையில் நடந்து வந்தோம். உடன் வந்தவர் நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றிலிருந்து படிக்க வரும் முதலாண்டு மாணவர். இங்கேயே பிறந்தவர், ஆயினும் இந்தியக் குடியுரிமை இல்லாதவர். நெடுநேரம் பேசாமல் வந்தவர் தம் வீட்டுத் தமிழில் மெல்லச் சொன்னார்: "எல்லாரும் துறைமுகத்தைப் பற்றித்தானே கதைச்சனீங்கள் அண்ணா, சனத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே."

அன்றிரவு விடுதியில் உறக்கம் வரவில்லை. என் தந்தையாரின் நினைவு வந்தது.

தந்தையார் ஆரணியில் பட்டு நெய்பவர். தறி எங்கள் வீட்டில், பட்டும் சரிகையும் முதலாளியுடையவை, எங்களுக்குக் கூலி. அக்காள் திருமணத்துக்கு ஒரு முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். அது தீரும்வரை வேறொருவருக்கு நெய்யக் கூடாது. கூலி கட்டுப்படியாகாதபோது, இன்னொரு முதலாளி அந்த முன்பணத்தை அடைத்துத் தம் பாவைத் தறியில் ஏற்றினார். முதலாமவர் எங்கள் தெருவில் நின்று "நன்றி கெட்டவன்" என்றார். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. உள்ளே வந்து, "கூலிய ஏத்திக் குடுத்திருந்தா நான் ஏன் போறேன்?" என்றார், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் புதியவரும் கூலியைக் குறைத்தது வேறு கதை. அந்த முதலாளியின் சொல்லைத்தான் நான் மேடையில் சொல்லியிருக்கின்றேன்!

சிறிய நாடு இரு வல்லரசுகளிடமும் பேசிப் பார்ப்பதில் துரோகம் எதுவும் இல்லை. 1952இல் இலங்கையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. அரிசி விலையோ ஏறிக் கிடந்தது, ரப்பர் விலையோ சரிந்து கிடந்தது. ஆட்சியிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்குப் பொதுவுடைமை என்றாலே வேப்பங்காய். ஆயினும் அது சீனாவுடன் ரப்பருக்கு அரிசி என ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கா சினந்து உதவியை நிறுத்தியது. ஒப்பந்தமோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது! 1962இல் இந்தியாவும் சீனாவும் போரிட்டபோது, கொழும்பில் ஆறு நாடுகளைக் கூட்டிச் சமரசம் தேடியவர் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. இவை திறமைகள். பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் திறமைசாலிகள் வீட்டுக்குள் செய்தது என்ன? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்பாட்டில் 9,75,000 பேர் பங்கு பிரிக்கப்பட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! தேயிலைச் சிப்பங்களைக்கூட இதைவிடக் கவனமாகப் பிரிப்பார்கள். இதில் கையெழுத்திட்ட இந்தியாவையும் நான் விட்டுவிடவில்லை.

1987 ஜூலை 29 உடன்பாட்டையும் பாருங்கள். ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்கு எதிராக எந்த நாட்டுக்கும் இராணுவப் பயன்பாட்டுக்குத் தருவதில்லை என்று எழுதப்பட்டது. எண்ணெய்க் குதங்களையும் அயல்நாட்டு வானொலி நிலையத்தையும்கூட விடவில்லை. தமிழ் மக்களுக்கு மாகாண சபை என்றார்கள். காணி, காவல்துறை அதிகாரங்கள் ஏட்டிலேயே நின்றன. வடமாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. முகாம் நண்பர் சொன்னதும் இதைத்தானே?

இனி அம்பாந்தோட்டை. சீனக் கடனில் கட்டி 2010இல் திறந்த துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையாயிற்று. வந்த 112 கோடி டாலரும் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தூக்கி நிறுத்தவே பயன்பட்டது; துறைமுகக் கடன் கடனாகவே நின்றது. சீனா விரித்த வலையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று அன்று பேசினேன். அது பாதி உண்மையே. பன்னாட்டுச் சந்தையில் பத்திரம் விற்று வாங்கிய கடன் சீனக் கடனைவிடப் பெரிது. பேரம் பேசும் உரிமை யாருக்கும் உண்டு. ஆனால் முன்பணம் வாங்கியவனின் பேரத்துக்கு ஆயுள் குறைவு. இதை நான் பொருளாதாரப் புத்தகத்தில் படிக்கவில்லை.

இரு காந்தங்களுக்கு நடுவே கிடக்கும் இரும்புத் துண்டோடு சிறிய நாட்டை ஒப்பிடுவார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. இரும்புக்குள் இரண்டு இனமும் மூன்று மதமும் இல்லை. சோவியத்திலிருந்து பிரிந்த மால்டோவாவில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் இலக்கை அரசியலமைப்பில் எழுதலாமா என்று 2024 அக்டோபரில் கேட்டபோது, வாக்களித்தவரில் பாதிக்குச் சற்றே கூடுதலானவர்களே ஆம் என்றனர். அந்நாட்டின் கிழக்கே திரான்ஸ்னிஸ்திரியா என்னும் பகுதி தனியே நிற்கின்றது. அங்கே உருசியப் படையும் நிற்கின்றது. வீட்டில் தீராத வழக்கு இருந்தால், பெரியவர்களுக்குக் கதவைத் தட்டவேண்டிய வேலையே இல்லை. இந்தியாவுக்கு இலங்கைத் தமிழர் சிக்கல் அப்படியொரு திறந்த கதவாகவே இருந்து வந்திருக்கின்றது.

ஒரு காலத்தில் 'இந்திய விரிவாதிக்கம்' என்று தொண்டர்களுக்கு வகுப்பெடுத்த ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க, 2024 செப்டம்பரில் குடியரசுத் தலைவரானார். முதல் வெளிநாட்டுப் பயணம் அவ்வாண்டு டிசம்பரில் டெல்லிக்கு. அடுத்த மாதமே பெய்ஜிங்குக்கு. இதை இரட்டை வேடம் என்று நண்பர்கள் சிரிக்கின்றனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு முதலாளிகளின் தெருவுக்கும் ஒரே நாளில் நடந்த என் தந்தையாரைத்தான் நினைத்துக்கொண்டேன். அவரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றே: மாகாண சபைத் தேர்தலை நடத்தவும் காணியை உரியவரிடம் திருப்பித் தரவும் டெல்லியின் கடனோ பெய்ஜிங்கின் கடனோ வேண்டியதில்லையே, ஐயா?

இவ்வாண்டுப் பட்டிமன்றத்துக்குத் தலைப்புத் தேடும் மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இதே தலைப்பை மறுபடி வையுங்கள். என்னை எதிரணியில் போடுங்கள். ஆனால் முதலில் பேச அந்த முகாம் நண்பரை அழையுங்கள். கூச்சம் உள்ளவர், இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். எனக்குப் பரிசாகக் கிடைத்த புத்தகம் இப்போது அவரிடம்தான் இருக்கின்றது.