தண்டவாளம் முடிகிற இடத்தில்

லண்டனில் இருக்கிற ராத்தாவின் மகன் விடுமுறைக்கு ஐரோப்பாவைக் கோச்சியில் சுற்றினான். ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுவிஸுக்குப் போகும் வழியில் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இறங்கியிருக்கிறான். ஸ்டேஷன் லொக்கரில் பேக்கைப் பூட்டிவிட்டு, வாசலை ஒட்டி நிற்கிற பெரிய தேவாலயத்தைப் பார்த்து, ரைன் ஆற்றங்கரையில் கொஞ்சம் நடந்து, அடுத்த கோச்சியில் ஏறிவிட்டானாம். படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமைதான் வந்தது.

எங்கள் கொழும்புப் பயணத்திலும் இடையில் ஒரு நகரம் உண்டு. கிழக்கின் கோச்சிப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் ஒட்டிச் சனம் நெருங்கி வாழ்கிற கரையில் ஒரு முழத் தண்டவாளம் இல்லை. நீட்டப்போகிறோம் என்ற பேச்சு மட்டும் பல தடவை வந்து போயிருக்கிறது.

உம்மாவைக் கொழும்புக்குக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதென்றால் அசர் தொழுத கையோடு வெளிக்கிட வேண்டும். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு ஸ்டேஷனுக்குக் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர்தான். ஆனால் பஸ் எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? இராக் கோச்சியைத் தவறவிட்டால் கிளினிக் நாளும் போய்விடும். அந்தப் பயத்தில் நேரத்தோடு போய்ச் சேர்ந்து காத்துக்கிடக்கிறோம். உடுப்புப் பேக், ரிப்போட் ஃபைல், சொந்தக்காரருக்கு மருதமுனைச் சாரன் பார்சல், போதாததற்குத் தயிர் முட்டி. முட்டியைச் சரிக்கவும் முடியாது, ஆள் நடமாட்டத்தில் நிலத்தில் வைக்கவும் முடியாது. கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். முழங்கால் நோவோடு உம்மா மகரிபுக்கு வுழூச் செய்ய எழும்பினால் சாமானை யார் பார்ப்பது?

1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அதே நகரத்தில், வாவிக் கரையில் நிற்கிறது. எத்தனையோ வருடமாக மட்டக்களப்பால் போய்வருகிற உம்மா அதை உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப்படுகிறது. நம் மாகாணத்து நகரம், கையெட்டும் தூரம், கையில் நேரமும் இருக்கிறது. சாமானைக் கட்டிக்கொண்டே அந்த நேரம் முழுக்கக் கழிகிறது.

திரும்பி வரும்போது இன்னும் மோசம். இரவெல்லாம் ஆடிக் குலுங்கி வந்து இறங்கினால் ஊருக்குப் பஸ் தேடி அலைய வேண்டும். ராத்தாவின் மகன் போன சுவிஸிலோ 1982இலிருந்து நாடு முழுக்கக் கோச்சிகள் மணிக்கணக்குப் பிசகாத ஒரே ஒழுங்கில் ஓடுகின்றன. மலைக் கிராமத்துக்குப் போகிற மஞ்சள் தபால் பஸ்ஸின் நேரத்தையும் கோச்சியோடு பொருத்தியே வைத்திருக்கிறார்கள். அங்கேயும் எல்லா ஊருக்கும் தண்டவாளம் போகவில்லை. இறங்குகிறவனை அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவது யாரோ ஒருவரின் பொறுப்பாக இருக்கிறது.

தண்டவாளம் எப்போதாவது வரட்டும். அதுவரைக்கும் கோச்சியோடு சேர்த்து ஓடுகிற ஒரு பஸ் வேண்டும், கோச்சி பிந்தினாலும் காத்துநிற்கிற பஸ். சாமானைப் பூட்டிவைக்க ஒரு இடம் வேண்டும். கொழும்பில் எடுக்கிற டிக்கட்டிலேயே கல்முனை என்று எழுதியிருக்க வேண்டும்.